நார்வேயைத் தட்டிக்கேட்பது யார்?

கேள்வி இது: "நார்வேயும் ஐஸ்லாந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரவில்லை. பிறகு ஏன் அந்த ஒன்றியத்தின் சந்தைச் சட்டங்களுக்கும் வணிகப் போட்டி விதிகளுக்கும் கட்டுப்படுகின்றன? மீறினால் தண்டிப்பது யார்? அரசு நிறுவனங்களை விற்கச் சொல்லி நெருக்குவதுதான் இந்த விதிகளைக் கண்காணிக்கும் அமைப்புகளின் வேலை என்கிறார்களே, உண்மையா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: உண்மை இல்லை. அரசு ஒரு தொழிலைத் தன் கையில் வைத்திருக்கலாம். வேறு யாரும் நுழைய முடியாத தனியுரிமையாகவே வைத்திருக்கலாம். ஆனால் அதற்கு என்ன காரணம் சொல்கிறதோ அந்தக் காரணத்துக்கு ஏற்ப நடந்துகொள்ள வேண்டும். குடியின் தீமையைக் குறைக்கத்தான் மதுக்கடைகளை நானே நடத்துகிறேன் என்று ஓர் அரசு சொன்னால், உள்ளூர் பீருக்கு ஒரு நியாயம், வெளியூர்ப் பானத்துக்கு வேறொரு நியாயம் வைக்க முடியாது. முப்பது ஆண்டு வழக்குகளைப் புரட்டினால் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது இந்த ஒரு கேள்விதான். மற்ற இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லக் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

1960இல் பிரிட்டன், ஆஸ்திரியா, டென்மார்க், நார்வே, போர்ச்சுகல், சுவீடன், சுவிட்சர்லாந்து ஆகிய ஏழு நாடுகள் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் மூலம் எஃப்டா எனப்படும் தடையற்ற வணிகச் சங்கத்தை அமைத்தன. பிரான்சும் ஜெர்மனியும் முன்னின்று நடத்திய, பின்னாளில் ஐரோப்பிய ஒன்றியமாக மாறிய பொதுச் சந்தையில் சேர விரும்பாதவர்கள், அல்லது சேர முடியாதவர்கள், ஒதுங்கி அமைத்த சங்கம் அது. ஐஸ்லாந்து 1970இல் சேர்ந்தது. காலப்போக்கில் பிரிட்டன், டென்மார்க், போர்ச்சுகல் எல்லாம் எதிர்முகாமுக்குப் போய்விட்டன. 1980களின் இறுதியில் அந்த முகாம் எல்லைத் தடைகளே இல்லாத ஒரே சந்தையாக மாறத் தொடங்கியதும், மிச்சமிருந்த எஃப்டா நாடுகளுக்குக் கவலை வந்தது. தங்கள் ஏற்றுமதியில் பெரும்பகுதி போகிற சந்தையின் கதவு மெல்லச் சாத்தப்படுகிறதோ என்ற கவலை.

1989 ஜனவரியில், அந்த முகாமின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் ழாக் டெலோர் ஒரு யோசனையை முன்வைத்தார்: ஒன்றியத்தில் சேராமலே சந்தையில் மட்டும் சேருங்கள். அதன் விளைவுதான் 1992 மே 2 அன்று போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் கையெழுத்தாகி, 1994 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தம். பொருள், சேவை, மூலதனம், ஆள் ஆகிய நான்கும் தடையின்றிச் செல்லலாம். வேளாண்மைக் கொள்கையும் மீன்பிடிக் கொள்கையும் ஒப்பந்தத்துக்கு வெளியே. சுங்க ஒன்றியமும் கிடையாது. ஆகவே இன்றும் ஐரோப்பியப் பாலாடைக்கட்டிக்கு நார்வேயின் எல்லையில் வரி உண்டு.

சுவிட்சர்லாந்து 1992 டிசம்பர் 6இல் நடந்த வாக்கெடுப்பில் 50.3 சதவீத வாக்குகளால் ஒப்பந்தத்தை நிராகரித்தது. அதனோடு சுங்க ஒன்றியத்தில் பிணைந்திருந்த குட்டி நாடான லிக்டென்ஸ்டைன் ஒரே வாரம் கழித்து நடத்திய வாக்கெடுப்பில் ஆம் என்றது. அண்ணன் வேண்டாமென்றதைத் தம்பி கேட்டு வாங்கிக்கொண்டதால் சுங்க ஏற்பாடுகளை எல்லாம் மாற்றி எழுத வேண்டியிருந்தது. லிக்டென்ஸ்டைன் 1995 மே மாதம்தான் உள்ளே வர முடிந்தது. அதற்குள் ஆஸ்திரியா, பின்லாந்து, சுவீடன் மூன்றும் ஒன்றியத்திலேயே சேர்ந்துவிட்டன. நார்வே மக்களோ 1972இல் 53.5 சதவீதமும், 1994 நவம்பரில் 52.2 சதவீதமும் ஒன்றியம் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். பெரிய மாளிகையாகத் திட்டமிட்ட கட்டடத்தில் கடைசியில் நார்வே, ஐஸ்லாந்து, லிக்டென்ஸ்டைன் என்ற மூன்று பேர் மட்டுமே குடியிருக்கிறார்கள்.

இனி யார் தண்டிப்பது என்பதற்கு வருவோம். மூன்று நாடுகளையும் ஐரோப்பிய ஆணையமே மேற்பார்க்கட்டும் என்று விட்டிருந்தால் வேலை எளிது. ஆனால் தாங்கள் உறுப்பினராக இல்லாத ஒரு சங்கத்தின் அதிகாரி தங்கள் அரசுக்கு உத்தரவிடுவதை நார்வே நாடாளுமன்றமோ ஐஸ்லாந்து நாடாளுமன்றமோ ஏற்காது. ஐஸ்லாந்தின் அரசியலமைப்பே அதற்கு இடம் தராது. சரி, இரு தரப்பு நீதிபதிகளும் அமரும் ஒரு கூட்டு நீதிமன்றம் அமைக்கலாம் என்று முதலில் எழுதினார்கள். லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 1991 டிசம்பரில் அதைத் தள்ளிவிட்டது: ஒன்றியச் சட்டத்துக்குப் பொருள் சொல்லும் கடைசி வாய் தன்னுடையதே, வேறொரு நீதிமன்றம் அதில் பங்கு கேட்க முடியாது என்றது. பேச்சுவார்த்தைக்காரர்கள் மறுபடி உட்கார்ந்து இரண்டு தூண்களை நட்டார்கள். ஒன்றிய நாடுகளுக்கு ஐரோப்பிய ஆணையமும் ஐரோப்பிய நீதிமன்றமும். எஃப்டா பக்கத்து மூன்று நாடுகளுக்கு எஃப்டா கண்காணிப்பு ஆணையமும் எஃப்டா நீதிமன்றமும். விதிகள் இரு பக்கமும் ஒன்றே, காவலர்கள் வேறு.

கண்காணிப்பு ஆணையத்தின் அலுவலகம் பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. தலைமைக் குழுவில் மூன்று பேர், நாட்டுக்கு ஒருவர். பதவிக்காலம் நான்கு ஆண்டு. நியமித்த அரசிடமிருந்து எந்த அறிவுறுத்தலும் பெறக்கூடாது. எஃப்டா நீதிமன்றம் ஜெனீவாவில் தொடங்கி 1996இல் லக்சம்பர்க்குக்கு மாறியது. அங்கும் மூன்று நீதிபதிகள். கண்காணிப்பு ஆணையத்தின் செலவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை நார்வேதான் தருகிறது. அதாவது தன்னை நீதிமன்றத்துக்கு இழுக்கிறவருக்குச் சம்பளத்தையும் நார்வேயே கொடுக்கிறது. கேட்க வேடிக்கையாக இருந்தாலும், இந்த ஏற்பாடு நின்று நிலைப்பதற்கு அதுதான் காரணம் என்பேன். தண்டிப்பது வெளியார் அல்ல, நாமே நியமித்தவர்கள் என்று அரசியல்வாதி தன் மக்களிடம் சொல்லிக்கொள்ள முடிகிறது.

நிறுவனங்கள் விஷயத்தில் எல்லை எங்கே? ஒப்பந்தத்தின் 53ஆம் பிரிவு போட்டியாளர்கள் கூடிப் பேசி விலை வைப்பதையும் சந்தையைப் பங்கு போடுவதையும் தடுக்கிறது. 54ஆம் பிரிவு ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. இவை ஒன்றிய ஒப்பந்தத்தின் 101, 102ஆம் பிரிவுகளின் அச்சுப் பிரதிகள். பாதிப்பு எஃப்டா நாடுகளுக்கு இடையிலான வணிகத்தோடு நின்றால் கண்காணிப்பு ஆணையம் விசாரிக்கும். ஒன்றிய நாடுகளையும் தொட்டால், சம்பந்தப்பட்ட நிறுவனங்கள் இந்தப் பொருளாதாரப் பகுதி முழுவதிலும் செய்யும் விற்றுமுதலில் 33 சதவீதமாவது எஃப்டா நாடுகளில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தாலும், ஒன்றியத்தின் உள்வணிகத்துக்குப் பெரிய பாதிப்பு இல்லையென்றால் மட்டுமே வழக்கு இந்தப் பக்கம் வரும். மற்றதெல்லாம் ஐரோப்பிய ஆணையத்துக்கு. கூகுள் மீது 2017இலும் 2018இலும் விதித்த பெரிய அபராத ஆணைகளை எடுத்துப் பார்த்தால், 102ஆம் பிரிவோடு இந்த ஒப்பந்தத்தின் 54ஆம் பிரிவும் மீறப்பட்டதாக எழுதியிருக்கும். நார்வேக்காரரின் தேடலும் அதில் அடக்கம். பெரிய நிறுவன இணைப்புகளும் பெரும்பாலும் அங்கேயே முடிவாகின்றன.

கண்காணிப்பு ஆணையம் தானே கையாண்ட போட்டி வழக்குகள் கொஞ்சம்தான். ஆனால் அவற்றில் இரண்டு மூன்று பாடப்புத்தகத்துக்கு உரியவை. முதலாவது டெலினார். நார்வேயின் பழைய அரசுத் தொலைபேசித் துறை. இப்போதும் பாதிக்கு மேற்பட்ட பங்கு அரசிடம். நாட்டில் பரவலான செல்பேசி வலையமைப்பு அதனுடையது. சொந்தக் கோபுரங்கள் இல்லாத போட்டி நிறுவனங்கள் டெலினாரின் வலையமைப்பை வாடகைக்கு எடுத்துத்தான் வாடிக்கையாளருக்குச் சேவை தர முடியும். 2008 முதல் 2012 வரை, மடிக்கணினிக்கும் கைக்கணினிக்குமான மொபைல் பிராட்பேண்ட் சேவையில், டெலினார் போட்டியாளரிடம் வாங்கிய மொத்த விலைக்கும் தன் வாடிக்கையாளரிடம் வாங்கிய சில்லறை விலைக்கும் இடையிலான இடைவெளி மிகக் குறுகிப்போய்விட்டது என்பது குற்றச்சாட்டு. டெலினாரைப் போலவே திறமையாக நடத்தினாலும் அந்த விலைகளில் நஷ்டம்தான் மிஞ்சும். யாரையும் வெளியே தள்ள வேண்டியதில்லை. உள்ளே நிற்பதற்கு இடமில்லாமல் செய்தால் போதும். பொருளாதார வல்லுநர்கள் இதை லாப நெருக்கல் என்பார்கள்.

2012 டிசம்பரில் ஓஸ்லோவுக்கு அருகிலுள்ள டெலினார் தலைமையகத்தில் திடீர்ச் சோதனை நடந்தது. அபராத ஆணை வந்தது 2020 ஜூனில்: ஏறத்தாழ 11.2 கோடி யூரோ. கண்காணிப்பு ஆணையத்தின் வரலாற்றில் அவ்வளவு பெரிய அபராதம் அதற்கு முன் இல்லை. எஃப்டா நீதிமன்றம் 2022 மே மாதம் அதைக் குறைக்காமல் உறுதிசெய்தது. சட்ட ரீதியாக முழு வெற்றி. ஆனால் ஏழரை ஆண்டு விசாரணையில், மடிக்கணினியில் செருகும் இணையக் குச்சி என்ற பொருளே ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. நெருக்கப்பட்டவர்களுக்கு அந்தத் தீர்ப்பு என்ன பயன் தந்திருக்கும் என்று கேட்டால் என்னிடம் நல்ல விடை இல்லை. போட்டிச் சட்டத்தின் தீராத நோய் இது; பிரஸ்ஸல்ஸின் இரு ஆணையங்களுக்கும் உண்டு.

இரண்டாவது கலர் லைன் என்ற கப்பல் நிறுவனம். நார்வேயின் சாண்டஃபியூருக்கும் சுவீடனின் ஸ்ட்ரம்ஸ்டாடுக்கும் இடையே ஓடும் பயணிகள் கப்பல் வழித்தடம், தூரத்தில் சிறியது, வருமானத்தில் பெரியது. நார்வே சுங்க ஒன்றியத்துக்கு வெளியே இருப்பதால் இந்தக் கப்பல்களில் வரியில்லா விற்பனை இன்றும் உண்டு என்பது அதன் ரகசியம். ஸ்ட்ரம்ஸ்டாட் துறைமுகத்தின் படகுத்துறையை நீண்டகால ஒப்பந்தத்தால் கலர் லைன் தனக்கென்றே வைத்துக்கொண்டதால் வேறு கப்பல் கரை சேர வழியில்லை. 2011 டிசம்பரில் 1.88 கோடி யூரோ அபராதம். மூன்றாவது நார்வே அஞ்சல் நிறுவனம்: மளிகைக் கடைச் சங்கிலிகளுக்குள் அஞ்சல் முகவாண்மை வைத்து, அங்கே போட்டியாளரின் பார்சல் சேவை நுழையாதபடி ஒப்பந்தம் போட்டது. 2010இல் விதித்த ஏறத்தாழ 1.29 கோடி யூரோ அபராதத்தை நீதிமன்றம் 2012இல் 1.11 கோடியாகக் குறைத்தது. டெலினாரும் அஞ்சல் நிறுவனமும் அரசின் உடைமை என்பதைக் கவனியுங்கள். அவற்றை விற்றுவிடு என்று யாரும் சொல்லவில்லை. உடைமை யாருடையதாக இருந்தாலும் கதவை அடைக்காதே என்றுதான் சொன்னார்கள்.

அரசுகள் விஷயத்தில் கதை இன்னும் சுவையானது. நார்வேயில் 4.7 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானங்களை வின்மோனோபோலே என்ற அரசுக் கடையில் மட்டுமே வாங்க முடியும். ஒப்பந்தம் வந்தபோது இந்தக் கடைகள் போய்விடும் என்று நார்டிக் நாடுகள் எல்லாம் பதறின. இறக்குமதி, மொத்த வணிகம் ஆகியவற்றின் தனியுரிமை போய்விட்டது. சில்லறைக் கடை நின்றது. பொதுச் சுகாதாரத்துக்காக, உள்நாட்டுப் பொருள் வெளிநாட்டுப் பொருள் என்று பாகுபடுத்தாமல் நடத்தும் வரை அது செல்லும் என்றார்கள் நீதிபதிகள்.

ஆனால் அங்கே ஒரு பொத்தல் இருந்தது. அப்போதைய விதிப்படி 2.5 முதல் 4.75 சதவீதம் வரை உள்ள பீரை எந்த மளிகைக் கடையிலும் வாங்க முடிந்தது. அதே அளவு ஆல்கஹால் உள்ள வேறு பானங்களை வாங்க அரசுக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. பீர் பெரும்பாலும் உள்நாட்டில் வடிப்பது. மற்றவை பெரும்பாலும் இறக்குமதி. குடலுக்கு எந்தப் புட்டியிலிருந்து வந்த ஆல்கஹால் என்று தெரியுமா? 2002 மார்ச்சில் எஃப்டா நீதிமன்றம் நார்வேக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பீரையும் அரசுக் கடைக்குள் கொண்டுபோவது அல்லது மற்றவற்றையும் மளிகைக் கடைக்கு விடுவது என்று இரண்டு வழி இருந்தது. நார்வே இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. முதலாவதைத் தேர்ந்திருந்தாலும் கண்காணிப்பு ஆணையம் வாயைத் திறந்திருக்காது.

சூதாட்ட இயந்திர வழக்கில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். கடைகளிலும் ரயில் நிலையங்களிலும் தனியார் வைத்திருந்த காசு இயந்திரங்களை அகற்றி, அந்தத் தொழிலை நோர்ஷ்க் டிப்பிங் என்ற அரசு நிறுவனத்துக்கு மட்டும் தர நார்வே சட்டம் இயற்றியது. இது சேவைச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று கண்காணிப்பு ஆணையம் வழக்குப் போட்டது. 2007 மார்ச்சில் தோற்றது. சூதாட்ட அடிமைத்தனத்தைக் குறைப்பது நோக்கம். புதிய ஏற்பாடு அந்த நோக்கத்துக்கு உண்மையாகவே உதவும். ஆகவே தனியுரிமை செல்லும் என்றது நீதிமன்றம்.

மூன்று மாதம் கழித்து அதே நீதிமன்றம் நார்வேயின் நெஞ்சில் கை வைத்தது. அருவிகள் நார்வேக்குச் சாதாரணச் சொத்து அல்ல. 1905இல் சுவீடனிடமிருந்து பிரிந்த புதிதில் வெளிநாட்டு மூலதனம் அருவிகளை வாங்கிக் குவிக்கிறது என்ற அச்சம் நாட்டைப் பிடித்து ஆட்டியது. 1906இல் அவசர அவசரமாகக் கொண்டுவந்த சட்டங்களுக்கு வரலாற்றில் பீதிச் சட்டங்கள் என்றே பெயர். 1917 உரிமச் சட்டத்தின்படி தனியார் ஒருவர் பெரிய அருவியில் மின்நிலையம் கட்டினால், உரிமக் காலம் முடிந்ததும் அருவி, அணை, இயந்திரம் அத்தனையும் இழப்பீடின்றி அரசுக்குப் போய்விடும். பிற்காலத்தில் அந்தக் காலம் 60 ஆண்டு என்று நிலைத்தது. ஆனால் மூன்றில் இரண்டு பங்காவது அரசு அல்லது நகராட்சிகளின் கையில் இருக்கும் நிறுவனத்துக்குக் காலவரம்பே கிடையாது.

கண்காணிப்பு ஆணையம் கேட்டது எளிய கேள்வி: நீர்வளம் மக்களுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், தனியாருக்கு ஏன் 60 ஆண்டு தருகிறீர்கள்? அந்த 60 ஆண்டில் உங்கள் நோக்கம் எங்கே போகிறது? 2007 ஜூன் 26 தீர்ப்பு அதையே சொன்னது. பொது உடைமையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நார்வேக்கு முழுமையாக உண்டு. ஒப்பந்தத்தின் 125ஆம் பிரிவு உடைமை முறையில் கை வைப்பதில்லை. ஆனால் பாதி பொது உடைமை, பாதி தனியாருக்குப் பாரபட்சமான நிபந்தனை என்ற கலவை மூலதனச் சுதந்திரத்தை மீறுகிறது. செய்தித்தாள்களில் பலர் அருவிகள் அந்நியர் கைக்குப் போய்விட்டதாகவே எழுதினார்கள். அரசு ஆகஸ்ட் மாதமே ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது: இனிமேல் தனியாருக்குப் பெரிய அருவிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புதிய உரிமமே கிடையாது. சந்தையைத் திறக்கச் சொன்ன வழக்கு என்று நினைத்தவர்கள் விழித்தார்கள். வழக்கு போட்டதன் விளைவாகப் பொது உடைமை இன்னும் இறுகியது, அதுவும் சட்டப்படி. தனியார்மயமாக்கும் சதி என்று யாராவது சொன்னால் நான் எடுத்துப்போடும் முதல் சான்று இது.

அரசு உதவி என்று ஒரு தனி அத்தியாயம் உண்டு. அரசு தன் பணத்தையோ வரிச்சலுகையையோ சில நிறுவனங்களுக்கு மட்டும் கொடுத்துப் போட்டியைக் கோணலாக்கக் கூடாது. கொடுக்க வேண்டுமானால் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். வடக்கே ஃபின்மார்க் போன்ற பனிப்பிரதேசத்தில் மக்கள் குடியேறி நிலைக்க, அங்குள்ள முதலாளிகளிடம் சமூகக் காப்புறுதிச் சந்தாவே வாங்காமல் விட்டது நார்வே. மற்ற பகுதிகளில் அது 14 சதவீதம் வரை. இது பொது வரிக் கொள்கை, உதவி அல்ல என்று வாதாடி 1999இல் தோற்றது. பல பேரங்களுக்குப் பின், மக்கள் அடர்த்தி மிகக் குறைந்த பகுதிகளுக்கான விலக்கின் கீழ் அந்தச் சலுகை 2007இல் பெருமளவுக்குத் திரும்பி வந்தது. மின்சாரக் கார்களுக்கு மதிப்புக்கூட்டு வரி இல்லை என்ற புகழ்பெற்ற சலுகைக்கும் கண்காணிப்பு ஆணையத்தின் முத்திரை தேவைப்பட்டது, 2015இல் கிடைத்தது. 2024இல் நார்வேயில் விற்ற புதிய கார்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது மின்சாரக் கார்கள். அந்த அனுமதி மறுக்கப்பட்டிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

ஐஸ்லாந்தின் பெயர் வந்தால் ‘ஐஸ்சேவ்’ விவகாரத்தை விட்டுவிட முடியாது. லாண்ட்ஸ்பாங்கி வங்கி அந்தப் பெயரில் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் இணையவழிச் சேமிப்புக் கணக்குகள் நடத்தியது. 2008 அக்டோபரில் வங்கி கவிழ்ந்தபோது மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பணம் சிக்கியது. ஐஸ்லாந்தின் மக்கள்தொகையே அவ்வளவுதான். உள்நாட்டு வைப்புகளைக் காப்பாற்றிய அரசு, வெளிநாட்டுக் கிளைகளின் வைப்புகளைக் கைவிட்டது. பிரிட்டன் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தைக் கொண்டு வங்கியின் சொத்தை முடக்கியது. இரு நாடுகளுக்கும் பணத்தைத் திருப்பித் தரும் ஒப்பந்தங்களை ஐஸ்லாந்து மக்கள் 2010இலும் 2011இலும் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள்.

தலைக்கு 20,000 யூரோ வரை வைப்பு உத்தரவாதம் என்ற ஒன்றியச் சட்டத்தை ஐஸ்லாந்து மீறிவிட்டது என்று கண்காணிப்பு ஆணையம் வழக்குத் தொடுத்தது. ஐரோப்பிய ஆணையம் அதன் பக்கம் நின்று வாதாடியது. 2013 ஜனவரி 28 அன்று நீதிமன்றம் ஐஸ்லாந்தை விடுவித்தது: உத்தரவாத நிதியை அமைப்பதுதான் அரசின் கடமை, நாட்டின் வங்கித் துறையே சரிந்த நிலையில் அந்த நிதி தர முடியாததை அரசு தன் கஜானாவிலிருந்து கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ரெய்க்யாவிக்கில் கொண்டாட்டம். ஆணையம் சொல்வதை நீதிமன்றம் அப்படியே முத்திரை குத்தும் என்று நினைத்தவர்களுக்கு அது ஒரு பாடமாயிற்று. பிற்பாடு வங்கியின் சொத்துக்களை விற்ற பணத்திலிருந்தே அந்தக் கடன்கள் அடைபட்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு சொன்னபின் பலவீனங்களையும் சொல்லாவிட்டால் பதில் அரைகுறை. நிறுவனங்களுக்கு ஆண்டு விற்றுமுதலில் 10 சதவீதம் வரை அபராதம் போடலாம். அரசுகளுக்கோ ஒரு காசு அபராதம் போட வழியில்லை. முதலில் ஒரு முறையான கடிதம், பிறகு காரணங்களோடு கருத்துரை, பிறகு நீதிமன்றம். தீர்ப்புக்குப் பின்னும் அரசு அசையாவிட்டால் இன்னொரு வழக்கு. அவ்வளவுதான். ஒன்றிய நாடுகளுக்கு நாள் கணக்கில் அபராதம் ஏறும். சமைக்காத இறைச்சி, பச்சை முட்டை இறக்குமதிக்கு ஐஸ்லாந்து வைத்திருந்த கட்டுப்பாடு சட்டவிரோதம் என்று 2017 நவம்பரில் தீர்ப்பு வந்தது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த 2019 ஆகிவிட்டது. ஆனாலும் திருத்தியது. தீர்ப்பை ஒரேயடியாகப் புறக்கணிக்கும் வழக்கம் இந்த மூன்று நாடுகளுக்கும் இல்லை. தான் விதியை மதிக்காவிட்டால் தன் ஏற்றுமதியாளருக்கு அந்தப் பக்கம் விதி காப்பாக இராது என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும்.

கண்காணிப்புக்குக் கண் மறைவதும் உண்டு. ஓஸ்லோ, பேர்கன் பக்கம் வாழும் ஈழத்தமிழர்களுக்கு நாவ் என்ற நலத்துறையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நோய்க்கால உதவித்தொகை போன்றவற்றைப் பெறுகிறவர் அனுமதியின்றி வேறொரு ஐரோப்பிய நாட்டுக்குப் போய்வந்தால் அதை மோசடி என்று நாவ் கொண்டது. பலர் சிறைக்கே போனார்கள். ஐரோப்பிய விதிகளின்படி அந்தப் பயணம் அவர்களின் உரிமை என்பது 2019 அக்டோபரில்தான் வெளியே வந்தது. அதிகாரி, அரசு வழக்கறிஞர், எதிர்த்தரப்பு வழக்கறிஞர், நீதிபதி என்று ஒருவர் விடாமல் அத்தனை பேரும் பல ஆண்டுகளாகத் தவறவிட்டிருந்தார்கள். பிரஸ்ஸல்ஸ் அலுவலகமும் முன்கூட்டிக் கண்டுபிடிக்கவில்லை. டெலினார் வழக்குக்கு எத்தனை ஆண்டு உழைத்தார்கள் என்று நினைத்துப் பார்த்தால், முன்னுரிமைகளைப் பற்றி ஒரு கசப்பு வராமலிருக்காது.

ஆழமான குறை வேறு. இந்த மூன்று நாடுகளும் விதிகளை எழுதும் இடத்தில் வாக்களிப்பதில்லை. வரைவு நிலையில் கருத்துச் சொல்லலாம், நிபுணர்களை அனுப்பலாம். முடிவு எடுக்கும்போது வெளியே நிற்க வேண்டும். நார்வேயில் இதற்கு ஃபேக்ஸ் ஜனநாயகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேண்டாத சட்டத்தை மறுக்கும் உரிமை ஏட்டில் இருக்கிறது. மறுத்தால் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தத்தின் 102ஆம் பிரிவின்படி அந்த ஒப்பந்தத்தின் சம்பந்தப்பட்ட பகுதியையே நிறுத்திவைக்கலாம் என்பதால் அதைத் தொட அஞ்சுகிறார்கள். 2011இல் நார்வேயின் தொழிலாளர் கட்சியின் மாநாடு ஒன்றியத்தின் மூன்றாவது அஞ்சல் சட்டத்தை மறுப்பதென்று துணிந்து தீர்மானித்தது. 2013இல் ஆட்சி மாறியதும் புதிய அரசு அந்த மறுப்பைத் திரும்பப் பெற்றது. மின்சாரச் சட்டங்கள்தான் இப்போது புகைகின்றன. ஒன்றியத்தின் மின்சக்திச் சட்டங்களின் மூன்றாவது தொகுப்பை 2019இல் நிறைவேற்ற ஐஸ்லாந்து நாடாளுமன்றம் இரவு பகலாகப் பேசித் தீர்த்தது. நான்காவது தொகுப்பின் சில சட்டங்களை ஏற்பதா என்ற சண்டையில் 2025 ஜனவரி இறுதியில் மையக் கட்சி நார்வேயின் கூட்டணி அரசிலிருந்தே வெளியேறியது. தொழிலாளர் கட்சி தனியாக ஆட்சியைத் தொடர்ந்தது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு விடை: அவை கட்டுப்படுவது சந்தைக்குள் நுழைந்த விலை. இரண்டாவதற்கு விடை, நார்வே நிறுவனத்தின் மீதோ அரசின் மீதோ குறை இருந்தால் சாதாரணக் குடிமகனும் கட்டணமின்றிக் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் இழப்பீடு வேண்டுமென்றால் உள்நாட்டு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கும் ஒரு வழக்கு வழி திறந்துவிட்டிருக்கிறது. முதலாளி திவாலானபோது, தன் உடன்பிறந்தவர் அந்த நிறுவனத்தின் பெரிய பங்குதாரர் என்ற காரணத்தால் சம்பளப் பாக்கி மறுக்கப்பட்ட ஓர் ஐஸ்லாந்துப் பெண் வழக்குத் தொடுத்தார். ஒன்றியச் சட்டத்தை அரசு சரியாக உள்நாட்டுச் சட்டமாக்காததால் குடிமகனுக்கு நேர்ந்த நஷ்டத்தை அரசே ஈடுகட்ட வேண்டும் என்று எஃப்டா நீதிமன்றம் 1998 டிசம்பரில் சொன்னது. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. நீதிபதிகள் ஒப்பந்தத்தின் நோக்கத்திலிருந்து அதை எடுத்தார்கள். ஐஸ்லாந்து உச்ச நீதிமன்றமும் மறு ஆண்டு ஏற்றுக்கொண்டது.